இரத்தம் ஏற்றியதும் உயர்ந்த ஹீமோகுளோபின் ஐந்தே வாரத்தில் ஏன் இறங்குகிறது?

பொருநைக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு வயது 68, எடை 50 கிலோ. இரண்டு ஆண்டுகளாகவே அவருக்கு இரத்த சோகை இருக்கிறது. சத்துக் குறைவுதான் காரணம் என்று நாங்களாகவே முடிவு செய்து, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், கடையில் வாங்கிய இரும்புச்சத்து மாத்திரை என்று கொடுத்துக்கொண்டே இருந்தோம். ஆறு மாதங்களுக்கு முன் 7.9 இருந்த ஹீமோகுளோபின், சென்ற மாதம் 5.8-க்கு வந்துவிட்டது. எலும்பு மஜ்ஜையில் மாதிரி எடுத்துப் பார்த்த பிறகு, எம்.டி.எஸ். என்னும் நோய் என்றும், மஜ்ஜை இரத்த அணுக்களை உருவாக்கத் தொடங்கினாலும் அவற்றை முழுமையாக முதிரச் செய்து வெளியே அனுப்புவதில்லை என்றும் சொன்னார்கள்.

மருத்துவமனையில் சேர்த்து, அடுத்தடுத்த இரண்டு நாட்களில் நாளுக்கு ஒரு பையாக இரண்டு பை சிவப்பணுக்களை ஏற்றினார்கள். ஒரு பைக்கு ஒரு கிராம் ஏறும் என்று செவிலியர் சொல்லியிருந்தார். இரண்டாம் பை முடிந்த அன்று மாலை 7.6 என்று வந்தது. மறுநாள் காலை, வேறெதுவும் ஏற்றாமலேயே, 8.0 என்று வந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா மாடிப்படி ஏறினார், தாமே சமைத்தார். எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. ஆனால் ஐந்து வாரம் கழித்துப் பார்த்தால் 6.9.

ஏற்றியது தரமில்லாத பழைய இரத்தமாக இருக்கும், உடன்பிறந்தவர்களின் புது இரத்தத்தை ஏற்றினால் நிற்கும் என்கிறார் என் தாய்மாமன். நான்கைந்து பைகளை ஒரேயடியாக ஏற்றி 12-க்குக் கொண்டு வந்துவிட்டால் என்ன என்று என் தம்பி கேட்கிறான். வெளிநோயாளர் பிரிவின் நெரிசலில் இவற்றையெல்லாம் நின்று கேட்க முடியவில்லை. ஏற்றிய இரத்தம் உண்மையில் எப்படி ஹீமோகுளோபினை உயர்த்துகிறது, ஏன் அது நிற்பதில்லை என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


குருதிப்பை (பதில்):

வணக்கம் தம்பி. நான் இரத்த வங்கியில் 27 ஆண்டுகள் ஆய்வக நுட்பனராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மருத்துவ ஆலோசனை சொல்ல எனக்குத் தகுதியில்லை. பைக்குள் என்ன இருக்கிறது, அது உடலுக்குள் போனதும் எண் எப்படி மாறுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். அதைப் புரிந்துகொண்டால் உங்கள் கேள்விகளில் பாதி தீர்ந்துவிடும்.

அறிக்கையில் 8.0 என்று அச்சிட்டிருப்பது உடலிலுள்ள மொத்த ஹீமோகுளோபின் அன்று. ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லி இரத்தத்தில் எத்தனை கிராம் இருக்கிறது என்பதே அந்த எண். ஆகவே அது இரண்டைச் சார்ந்தது: கிராம் எவ்வளவு, அது பரவி நிற்கும் இரத்தத்தின் கொள்ளளவு எவ்வளவு. பெரியவர்களுக்குக் கிலோவுக்கு 65 முதல் 70 மில்லி வரை இரத்தம் இருக்கும். உங்கள் தாயாரின் 50 கிலோ எடைக்கு ஏறத்தாழ 3,300 மில்லி, அதாவது 33 டெசிலிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5.8 இருந்தபோது அவர் உடலில் இருந்த மொத்த ஹீமோகுளோபின் சுமார் 191 கிராம்.

இனி பைக்கு வருவோம். நம் நாட்டில் 45 கிலோவுக்கு மேல் எடையுள்ள கொடையாளரிடம் 350 மில்லியும், 55 கிலோவைத் தாண்டியவரிடம் 450 மில்லி வரையும் எடுக்கலாம். பெரும்பாலும் புழக்கத்தில் இருப்பது 350 மில்லி பைதான். கொடையாளருக்குக் குறைந்தது 12.5 இருந்தால்தான் ஊசியே போடுவோம். 12.5 உள்ளவரின் 350 மில்லியில் சுமார் 44 கிராம் ஹீமோகுளோபின் இருக்கும். 16 உள்ளவர் கொடுத்தால் 56 கிராம். பிறகு அதைச் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்து, எஞ்சிய சிவப்பணுக்களோடு எஸ்.ஏ.ஜி.எம். என்னும் பாதுகாப்புக் கரைசலைச் சேர்த்து, 2 முதல் 6 பாகை செல்சியஸ் குளிரில் வைக்கிறோம். பிரிக்கும்போதும் குழாயில் தங்குவதிலும் சிறிது போகும். பைக்கு 43 கிராம் என்று கொண்டால், இரண்டு பைக்கு 86 கிராம்.

191-உடன் 86 சேர்ந்தால் 277. அதை 33-ஆல் வகுத்தால் 8.4. ஆனால் குளிரில் இருந்த நாட்களில் நைந்துபோன அணுக்கள் சில, உடலுக்குள் போன முதல் நாளிலேயே மண்ணீரலிலும் கல்லீரலிலும் களையப்பட்டுவிடும். சேமிப்புக் காலத்தின் இறுதியில் உள்ள பையிலும் நான்கில் மூன்று பங்கு அணுக்களாவது ஏற்றிய 24 மணி நேரத்திற்குப் பிறகும் உயிரோடு இருக்க வேண்டும் என்பது தர அளவுகோல். இடைப்பட்ட வயதுள்ள பையில் இழப்பு அதைவிடக் குறைவு. அந்தக் கழிவையும் எடுத்துவிட்டால் 8.1 அளவில் வந்து நிற்கும். உங்களுக்கு 8.0 வந்திருக்கிறது. எனவே, மாமா சந்தேகப்படுவதுபோல் அந்தப் பைகளில் குறை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கணக்கு மிகச் சரியாகவே பொருந்துகிறது.

மாலையில் 7.6, காலையில் 8.0 என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. பை ஏற்றி முடித்தபோது, அணுக்களோடு கரைசலும் சேர்ந்து இரத்தத்தின் கொள்ளளவு தற்காலிகமாகக் கூடியிருந்தது. இரவில் சிறுநீரகம் அந்த மிகை நீரை வெளியேற்றியது. ரசம் கொதித்து வற்றும்போது யாரும் புதிதாக உப்புப் போடாமலேயே கரிப்பு கூடுகிறதல்லவா, அதுபோலத்தான். கருவிக்குக் கருவி 0.2, 0.3 வேறுபடுவதும் வழக்கம் என்பதால் அந்த 0.4 முழுவதையும் நீர்க்கணக்கில் எழுத வேண்டியதில்லை. இருந்தாலும் பெரும்பங்கு அதுவாகத்தான் இருக்கும்.

ஒரு பைக்கு ஒரு கிராம் என்பது 70 கிலோ உள்ளவருக்கு ஒரு முழு அளவுப் பை என்று வைத்துச் சொல்லும் தோராயம். மெலிந்தவருக்குக் கூடுதலாக ஏறும். பருத்தவருக்குக் குறைவாக ஏறும்.


மேட்டூர்க்காரன் (பதில்):

ஐயா எழுதிய கடைசி வரிக்காகவே அவருக்கு நன்றி சொல்ல வந்தேன். சிறுநீரகக் கோளாறால் இரத்த சோகையுற்ற என் தந்தைக்கு எடை 82 கிலோ. ஒரு பை ஏற்றியும் 0.7 மட்டுமே ஏறியதால், எங்கோ உள்ளே இரத்தம் கசிகிறது என்று நாங்கள் மூன்று நாட்கள் அஞ்சிக்கொண்டிருந்தோம். 82 கிலோவுக்கு 57 டெசிலிட்டர், 43-ஐ அதனால் வகுத்தால் 0.75. எங்கள் அச்சத்திற்கு இந்த ஒரு வகுத்தல் கணக்கே போதுமானதாக இருந்திருக்கும்.


திருச்சி மருத்துவர் (பதில்):

குருதிப்பை அவர்களின் கணக்கு சரியானது. அவர் தொடாத பகுதியை, ஏறியது ஏன் நிற்கவில்லை என்பதை, நான் எழுதுகிறேன். உங்கள் தாயாரை நேரில் பார்க்காத நிலையில் மருந்து எதையும் பரிந்துரைக்க மாட்டேன். இவை அவருடைய மருத்துவரோடு நீங்கள் பேசுவதற்கு உதவ வேண்டும் என்பதே நோக்கம்.

சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். கொடையாளரிடமிருந்து எடுத்த பையில் நேற்றுப் பிறந்த அணுவும் இருக்கும், நாளை மடியவிருக்கும் அணுவும் இருக்கும். எல்லா வயதும் கலந்த கூட்டம் அது. ஆகவே ஏற்றிய நாளிலிருந்தே, ஏறியதில் 120-இல் ஒரு பங்கு நாள்தோறும் குறைந்துகொண்டு வரும். உங்கள் தாயாருக்கு ஏறியது 2.2 கிராம். 35 நாட்களில் அதில் 120-இல் 35 பங்கு, அதாவது 0.6 கிராமுக்குச் சற்று மேல், இயல்பாகவே கழிந்திருக்கும். இறங்கியதோ 1.1. மீதி 0.5 எங்கே போயிற்று என்று பார்த்தால், உங்கள் எண்களிலேயே அதுவும் இருக்கிறது: இரத்தம் ஏற்றுவதற்கு முன்பே, ஆறு மாதத்தில் 7.9-இலிருந்து 5.8 என, மாதத்திற்கு 0.35 வீதம் அவருடைய அளவு சரிந்துகொண்டிருந்தது. அந்தச் சரிவை இரத்தம் ஏற்றியது நிறுத்தவில்லை, நிறுத்தவும் இயலாது. அடியில் ஓடிக்கொண்டிருந்த சரிவும், ஏற்றிய அணுக்களின் இயற்கையான மடிவும் சேர்ந்ததே நீங்கள் கண்ட 6.9.

இன்னொன்றும் உண்டு. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதைச் சிறுநீரகம் உணர்ந்து, எரித்ரோபொய்ட்டின் என்னும் ஹார்மோனைச் சுரந்து, இன்னும் அணுக்களை உருவாக்கு என்று மஜ்ஜையை உந்துகிறது. வெளியிலிருந்து அணுக்கள் வந்து அளவு கூடியதும் அந்த உந்துதல் சற்றே தளர்கிறது. இதனால் ஏற்றிக்கொண்ட பிறகு சில நாட்களுக்குச் சொந்த உற்பத்தியும் மந்தமாகலாம். விபத்தில் இரத்தம் இழந்தவருக்கு ஏற்றினால் அவருடைய நலமான மஜ்ஜை விரைவில் ஈடுகட்டிவிடும். அங்கே இரத்தம் ஏற்றுதல் ஏறக்குறைய முழுச் சிகிச்சை. நாட்பட்ட இரத்த சோகையில் அது கைமாற்றாகப் பெற்ற கிராம்கள் மட்டுமே.

உங்கள் தம்பியின் கேள்விக்கு வருகிறேன். இதில் உயிருக்கே ஆபத்து இருப்பதால் சற்று விரிவாகவே எழுத வேண்டும். 5.8 இருந்தும் உங்கள் தாயார் நடமாட முடிந்ததற்குக் காரணம், சரிவு மெல்ல நிகழ்ந்ததால் உடல் அதற்குப் பழகிக்கொண்டதுதான். இதயம் நிமிடத்திற்கு அதிக இரத்தத்தை வெளித்தள்ளுகிறது. சிவப்பணுவுக்குள் 2,3-டி.பி.ஜி. என்னும் பொருள் கூடி, ஹீமோகுளோபின் தன்னிடமுள்ள ஆக்சிஜனைத் திசுக்களுக்கு எளிதாக விட்டுக்கொடுக்கச் செய்கிறது. குறைந்துபோன அணுக்களின் இடத்தைப் பிளாஸ்மா நிரப்பிவிடுவதால் மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய குறையாமலேயே இருக்கிறது. அதாவது அவர் இரத்தக் குழாய்களில் காலியிடம் என்று எதுவும் இல்லை. ஏற்கெனவே கூடுதலாக உழைத்துக்கொண்டிருக்கும் 68 வயது இதயத்தின்மீது ஒரே நாளில் ஒரு லிட்டரை இறக்கினால், அது தாங்காமல் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல் ஏற்படலாம். இரத்தம் ஏற்றுவதால் நேரும் இறப்புகளில் முன்னணிக் காரணங்களுள் இதுவும் ஒன்று. நாளுக்கு ஒரு பை, அதையும் மூன்று, நான்கு மணி நேரத்தில் மெதுவாக, தேவைப்பட்டால் நீரைப் பிரிக்கும் ஊசியுடன் என்று அந்த மருத்துவமனை செய்தது மிகச் சரியான முறை.

12-க்குக் கொண்டு போவதால் கூடுதல் நன்மையும் இல்லை. 1999-இல் வெளியான கனடா நாட்டு ஆய்வொன்றில், தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்த 838 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு 7-க்குக் கீழ் இறங்கினால் மட்டும் ஏற்றினார்கள். மறு பிரிவினருக்கு 10-க்குக் கீழ் இறங்கியதுமே ஏற்றினார்கள். குறைவாக ஏற்றிக்கொண்டவர்கள் எவ்விதத்திலும் பின்தங்கவில்லை. அதன் பிறகு வந்த பல ஆய்வுகளும் ஒத்த முடிவையே காட்டியதால், நிலையான நோயாளிக்கு 7, இதய நோய் உள்ளவருக்கு 8 என்ற எல்லை வழக்கத்திற்கு வந்தது. ஆனால் உங்கள் தாயாரைப்போல் நாள்பட ஏற்றிக்கொள்ள வேண்டியவருக்கு எண்ணைவிட, அவரால் எதைச் செய்ய முடிகிறது என்பதே முதன்மையானது. 8-இல் சமைக்கிறார், 7-இல் படுத்துவிடுகிறார் என்றால், 7.5-இலேயே ஏற்றிக்கொள்வது பற்றி மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

மாமாவின் யோசனையை மரியாதையோடு மறுத்துவிடுங்கள். நெருங்கிய இரத்த உறவினரின் இரத்தத்திலுள்ள வெள்ளையணுக்கள், மரபுவழி ஒற்றுமையால் நோயாளியின் உடலுக்கு அந்நியமாகத் தோன்றாமல் தங்கிப் பெருகி, அவருடைய தோல், குடல், கல்லீரல், மஜ்ஜை ஆகியவற்றையே தாக்கக்கூடும். அரிதாக நேர்வது, நேர்ந்தால் பெரும்பாலும் பிழைக்க வைக்க முடியாதது. கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பிறகே அத்தகைய இரத்தத்தைப் பயன்படுத்தலாம். புது இரத்தம் மேலானது என்ற நம்பிக்கையும் சோதிக்கப்பட்டுவிட்டது: 2015-இல் வெளியான ஏபிள் என்னும் ஆய்வில், எட்டு நாட்களுக்குள் எடுத்த இரத்தத்தைப் பெற்ற தீவிர நோயாளிகள் மற்றவர்களைவிட அதிகமாகப் பிழைக்கவில்லை. மாமாவின் அன்பு வீணாக வேண்டாம். அவர் இரத்த வங்கிக்குச் சென்று வேறொருவருக்காகக் கொடுக்கட்டும்.


பொருநைக்கரை:

ஐயா இருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. மாமாவுக்கு இதை அப்படியே வாசித்துக் காட்டினேன். வெள்ளிக்கிழமை இரத்த வங்கிக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார். ஒன்று மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. அம்மாவுக்குக் கொடுத்துவந்த இரும்புச்சத்து மாத்திரையைத் தொடரலாமா? இனி அடுத்தடுத்து ஏற்ற வேண்டியிருந்தால் நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?


மூவாறுவாரம் (பதில்):

தம்பி, என் மகளுக்குத் தலசீமியா, அதாவது ஹீமோகுளோபின் சரிவர உருவாகாத பிறவி நோய். கைக்குழந்தையாக இருந்தபோது தொடங்கி இன்று 14 வயது வரை, மூன்று வாரத்திற்கு ஒருமுறை ஏற்றிக்கொள்கிறாள். நோய் வேறு என்றாலும், பையும் ஊசியும் காத்திருப்பும் ஒன்றுதான். ஆகையால் தாயாரைக் கவனிப்பவருக்கு ஒரு தாயாக எழுதுகிறேன்.

மாத்திரையை மருத்துவரிடம் கேட்காமல் இனி ஒரு நாளும் கொடுக்காதீர்கள். ஹீமோகுளோபினின் ஒவ்வொரு கிராமிலும் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. குருதிப்பை ஐயாவின் 43 கிராமைப் பெருக்கிப் பாருங்கள்: ஒரு பைக்கு ஏறத்தாழ 150 மில்லிகிராம், பெரிய பையானால் 200-ஐத் தாண்டும். உடலோ நாளுக்கு ஒன்று, இரண்டு மில்லிகிராமுக்கு மேல் இரும்பை வெளியேற்ற அறியாது. ஏற்றிய அணு மடிந்தாலும் அதன் இரும்பு உள்ளேயே தங்குகிறது. நலமான பெரியவர் உடலில் மொத்தமாக இருப்பதே மூன்று, நான்கு கிராம் இரும்புதான். இருபது பைகளில் அதே அளவு மேற்கொண்டு சேர்ந்துவிடும். அது இதயத்திலும் கல்லீரலிலும் படியும். இத்தனை ஆண்டுகளில் எங்களை ஊசியைவிட அதிகம் அச்சுறுத்தியது இந்த இரும்புதான். உடலில் தங்கியிருக்கும் இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற பரிசோதனையை இப்போதே ஒருமுறை செய்து தொடக்க அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 1,000-ஐத் தாண்டும்போது இரும்பை வெளியேற்றும் மருந்தைத் தொடங்குவது பற்றி மருத்துவர்கள் யோசிப்பார்கள்; என் மகள் டெஃபெராசிராக்ஸ் மாத்திரையை நீரில் கரைத்து நாள்தோறும் குடிக்கிறாள். கீரையும் பழமும் உணவாக இருக்கட்டும், அதில் தவறில்லை. மருந்தாக எண்ணித் திணிக்க வேண்டாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஏற்றிய தேதி, பையின் எண், எத்தனை மில்லி, ஏற்றுவதற்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு, அன்றைய எடை ஆகியவற்றை எழுதி வாருங்கள். எங்களுக்கு அது எப்படி உதவியது என்று சொல்கிறேன். மகளுக்கு ஒன்பது வயதில், வழக்கமாக ஏற்றும் அதே அளவுக்கு எண் ஏறாமல் போயிற்று. மூன்று வாரம் நின்றது இரண்டே வாரத்தில் இறங்கியது. நோட்டைக் காட்டியதும் மருத்துவர் உடனே எதிரணு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். ஏ, பி, ஓ, ஆர்ஹெச் டி பொருந்தினாலும், சிவப்பணுவின் மேற்பரப்பில் கெல், ஆர்ஹெச் இ என்று வேறு பல அடையாளங்கள் உண்டு. பலமுறை ஏற்றிக்கொள்பவரின் உடல் அவற்றுக்கு எதிரணு உண்டாக்கி, ஏற்றிய அணுக்களை அழித்துவிடும். மகளுக்கு அதுதான் நடந்திருந்தது. அன்று முதல் அந்த அடையாளம் இல்லாத இரத்தமாகத் தேடி ஏற்றுகிறோம். எண் பழையபடி நிற்கிறது. உங்கள் தாயாருக்கு இன்னும் அதிகமாக ஏற்றாத நிலையிலேயே இந்த அடையாளங்களை விரிவாகப் பரிசோதித்து வைக்க முடியுமா என்று இரத்த வங்கியில் கேளுங்கள். பிறரின் அணுக்கள் நிறையக் கலந்த பிறகு, சாதாரண முறையில் அதைத் துல்லியமாகச் சொல்வது கடினம்.

ஏற்றும்போது முதல் கால் மணி நேரம் அருகிலேயே இருங்கள். குளிர் நடுக்கம், காய்ச்சல், முதுகுவலி, மூச்சுத் திணறல், உடலில் தடிப்பு எதுவாயினும் உடனே செவிலியரை அழையுங்கள். ஏற்றி நான்கைந்து நாள் முதல் இரண்டு வாரத்திற்குள் கண் மஞ்சளானாலும் சிறுநீர் கறுத்தாலும் அதுவும் இரத்தம் ஏற்றியதன் விளைவாக இருக்கலாம். அத்தனை நாள் கழித்து வருவதால் பலரும் அதைத் தொடர்புபடுத்தாமல் மஞ்சள் காமாலை என்று நாட்டு மருந்து தேடிப் போகிறார்கள்.


மேட்டூர்க்காரன்:

சிறுநீரக நோயாளிகள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு குறிப்பைச் சேர்க்கிறேன். சிறுநீரக மாற்று அறுவைக்குக் காத்திருப்பவர்கள் இரத்தம் ஏற்றிக்கொண்டால், பிறர் திசுக்களுக்கு எதிரான எதிரணுக்கள் உருவாகி, பொருத்தமான சிறுநீரகம் கிடைப்பதே அரிதாகிவிடலாம். என் தந்தைக்கு அந்த ஒரு பைக்குப் பிறகு எரித்ரோபொய்ட்டின் ஊசியையும் நரம்பு வழி இரும்பையும் கொண்டே 10-க்கு மேல் நிறுத்தியிருக்கிறார்கள்.


திருச்சி மருத்துவர்:

மேற்கண்ட சகோதரி எழுதியதில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. இரும்புக் குறைபாடு இருப்பதாக ஆய்வு காட்டினால் மட்டுமே இரும்பு தேவை, எம்.டி.எஸ். நோயில் பெரும்பாலும் இரும்பு போதிய அளவில் இருக்கும், அதைப் பயன்படுத்தும் மஜ்ஜைதான் பழுதுபட்டிருக்கும்.

எரித்ரோபொய்ட்டின் ஊசி உங்கள் தாயாருக்கும் பொருந்துமா என்று கேளுங்கள். குறைந்த ஆபத்துள்ள எம்.டி.எஸ். வகையில், இரத்தத்தில் இந்த ஹார்மோனின் அளவு 500 யூனிட்டுக்குக் கீழும், தேவைப்படும் இரத்தம் மாதத்திற்கு இரண்டு பைக்குக் குறைவாகவும் இருப்பவர்களுக்கு இது பயன் தருவதற்கான வாய்ப்பு அதிகம். ஐந்து வாரத்தில் 1.1 மட்டுமே இறங்கியிருப்பதால் உங்கள் தாயார் அந்தக் கூட்டத்தில் வரக்கூடும். ஹார்மோன் அளவைப் பார்க்கும் மாதிரியை, அடுத்த பை ஏற்றுவதற்கு முன்பு எடுக்கச் சொல்லுங்கள். ஏற்றிய பிறகு எடுத்தால் நான் முன்பு சொன்ன காரணத்தால் அது குறைவாகக் காட்டும்.


பொருநைக்கரை:

திங்கட்கிழமை முன்பதிவு கிடைத்திருக்கிறது. ஃபெரிட்டின், எரித்ரோபொய்ட்டின் அளவு, விரிவான அணு அடையாளப் பரிசோதனை ஆகிய மூன்றையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன். அதற்குக் கீழே 5.8, 7.6, 8.0, 6.9 என்ற எண்களையும் தேதியோடு அம்மாவே தம் கையால் எழுதினார்.